வயிற்றில் விழும் வரிகள்: எண்ணெய் தடுக்குமா?

பரந்தன்_பிள்ளை:
முதல் பிள்ளை, ஏழாம் மாதம். தொப்புளுக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் வரிவரியாக விழத் தொடங்கிவிட்டது. தடவினால் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, கடி தாங்க முடியவில்லை. நான் சொறிந்ததால்தான் விழுந்தது என்கிறார் மாமி. இனிக் கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைக் குறை, பிள்ளை பெருத்தால் தோல் இன்னும் வெடிக்கும் என்றும் சொல்கிறார். சந்தையில் ஒரு கடையில் "அடியோடு போகும்" என்று ஒரு கிறீம் தந்தார்கள், பெட்டியில் உள்ளே என்ன மருந்து என்றே இல்லை. பூசலாமா?

குளத்தடி_அக்கா:
தங்கச்சி, அந்தக் கிறீமைத் தொடாதேங்கோ. எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்தே தேங்காய் எண்ணெயோ இலுப்பெண்ணெயோ இளஞ்சூட்டில் பூசிவிடுவார்கள். நான் மூன்று பிள்ளை பெற்றவள், ஒரு வரி இல்லை. பூசப் பஞ்சிப்பட்ட என் தங்கச்சிக்கு வயிறு முழுக்க வரி. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

வவுனியா_தாதி:
அக்கா, கிறீம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். எண்ணெய் தடுக்கும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோலின் மேற்பரப்புக்குக் கீழே இன்னொரு தடித்த அடுக்கு இருக்கிறது, கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. வயிறு வேகமாக விரியும்போது, கர்ப்பகால ஹோர்மோன் மாற்றங்களும் சேர, அந்த நார்கள் உள்ளேயே அறுகின்றன. மேலே பூசும் எண்ணெய் அந்த ஆழத்துக்குப் போய் நாரைக் கட்டி வைக்காது. சொறிவதாலும் வருவதில்லை. நார் அறுகிற நேரத்தில் கடிக்கும், கடித்தால் சொறிவோம், அதைப் பார்த்துவிட்டு சொறிந்ததால் வந்தது என்கிறார்கள். உங்களுக்கும் தங்கச்சிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எண்ணெயைத் தவிர எத்தனையோ காரணம் இருக்கலாம். இளவயதில் முதல் பிள்ளை பெறுகிறவர்களுக்கு இது கூடுதலாக வரும், பிள்ளையின் நிறை, தாய் கூடிய நிறை, அம்மாவுக்கு இருந்ததா என்பது எல்லாமே கணக்கு.

குளத்தடி_அக்கா:
புத்தகத்தில் வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து எழுதியிருப்பார்கள். எங்கள் வெயிலும் வேறு, தோலும் வேறு.

வவுனியா_தாதி:
தோல் வேறுதான், அதனால் பார்வைக்கும் வேறு மாதிரி இருக்கும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது எங்களுக்குக் கத்தரிப்பூ நிறத்திலோ கரும்பழுப்பிலோ தெரியும். மாதக் கணக்கில் மெல்ல வெளிறி, தடிப்பு அடங்கிச் சற்றுப் பள்ளமாகி, கையால் தடவினால் மெல்லிய சுருக்கமாகப் படும். அந்த இடத்தில் நிறமி குறைவு, அதனால் சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுத்தாலும் வரி வெளிறியே நிற்கும். உள்ளே அறுகிற விதம் எல்லோருக்கும் ஒன்றுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2012இல் 800 பெண்களிடம் செய்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கொக்கோ பட்டர், ஒலிவ் எண்ணெய் உட்பட எந்தப் பூச்சும் வரியைத் தடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எண்ணெய் பூசினால் தோல் வறள்வது குறையும், கடி கொஞ்சம் ஆறும், அதற்காகப் பூசட்டும்.

ஓமந்தையான்:
இதெல்லாம் ஒரு பிரச்சினையா? சண்டைக் காலத்தில் பங்கர்ப் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்ற தாய்மார் இருக்கிற மண் இது. அவர்கள் வரியைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? தாய்மையின் அடையாளம் என்று சந்தோசப்பட வேண்டியதுதானே.

மாங்குளம்_சுடர்:
அண்ணா, அந்தத் தாய்மாரை இழுத்து இந்தப் பிள்ளையின் வாயை அடைக்காதேங்கோ. பங்கருக்குள் கிடந்தவளுக்கும் கடித்தது, அவளும் தன் வயிற்றைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பாள், கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. தன் உடம்பு கண்முன்னே மாறும்போது ஒரு பெண் கவலைப்படுவது சின்ன விஷயமில்லை. சந்தோசப்படு என்று வெளியில் இருந்து யாரும் கட்டளையிட முடியாது. எனக்கு உண்மையில் பயம் அந்த மாமி சொன்னதில்தான். வரிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்கலாமா?

வவுனியா_தாதி:
குறைக்கவே கூடாது! கர்ப்பத்துக்கு முன் சரியான நிறையில் இருந்த பெண் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவதுதான் நல்லது. திரிபோஷா சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமா, கிளினிக்கில் தருவது தாயும் பிள்ளையும் தேறுவதற்கு. வரி விழுந்தால் தோலின் தோற்றம் மாறும், உடம்புக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பிள்ளை நிறை குறைந்து பிறந்தால் அதுதான் ஆபத்து. அப்புறம் அந்தக் கிறீம். பெயர் இல்லாத கிறீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் அதுவே தோலை மெலிய வைத்துப் புது வரிகளை உண்டாக்கும். ட்ரெட்டினோயின் என்ற மருந்து புதிதாக விழுந்த வரியை ஓரளவு மங்க வைக்கும், ஆனால் கர்ப்ப காலத்தில் பூசக் கூடாது. பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடிந்த பிறகு தோல் டொக்டரிடம் கேட்கலாம். லேசரும் உண்டு, எங்கள் நிறத்தோலில் கருமை படியக்கூடும் என்பதால் தெரிந்தவரிடம்தான் செய்ய வேண்டும். எதுவானாலும் மங்கும், அடியோடு போகாது.

குளத்தடி_அக்கா:
திரிபோஷாவைக் குறைக்கச் சொன்னது பிழைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் எண்ணெயை நான் விடமாட்டேன், என் மகளுக்கும் பூசித்தான் விடுவேன். சரி தங்கச்சி, உள்ளங்கை, உள்ளங்காலிலும் கடிக்கிறதா? எங்கள் மிட்வைஃப் அதைத்தான் முதலில் கேட்பார்.

பரந்தன்_பிள்ளை:
இல்லை அக்கா, வயிற்றில் மட்டும்தான். நேற்றிலிருந்து வரிக்கு மேலேயே சின்னச் சின்னச் சிவந்த தடிப்புகள், தொப்புளைச் சுற்றி ஒன்றும் இல்லை.

வவுனியா_தாதி:
அக்கா கேட்டது மிகச் சரியான கேள்வி. தோலில் ஒன்றும் தெரியாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடித்தால் ஈரலில் பித்தம் தேங்கியிருக்கலாம், அது பிள்ளையைப் பாதிக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். நீங்கள் சொல்வது வேறு மாதிரி. முதல் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரியில் தொடங்கித் தொப்புளை விட்டுவிட்டுப் பரவும் ஒரு தடிப்பு இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, பெற்ற பிறகு தானாக அடங்கும். ஆனால் அதுதானா என்று எழுத்தில் பார்த்து நான் சொல்ல முடியாது. அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் நாளைக்கே மிட்வைஃபிடம் காட்டுங்கள், கடையில் தந்த அந்தப் பெட்டியையும் கொண்டுபோங்கள்.