ஸ்கிரீன் சேவருக்குத் தமிழ்: வெளியே திரைக்காப்பு, உள்ளே அசைகாட்சி

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஓடும் ஸ்கிரீன் சேவர் நிரலான எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் அமைப்புச் சாளரத்தைத் தமிழாக்கத் தொடங்கி, தலைப்புச் சொல்லிலேயே நிற்கிறோம். திரைசேமிப்பான், ஓய்வுத்திரை, திரைக்காப்பு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு திரைக்காப்புக்கு. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. யாரும் தொடாதபோது திரையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, அதற்குள் ஓடும் காட்சி என்ற இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருக்கிறது. நாமும் அப்படியே ஒரு சொல்லை வைத்து எல்லா வரிகளையும் நிரப்பினால், அந்தச் சாளரத்தைத் திறப்பவருக்கு எதுவும் பிடிபடாது.

> பல இடங்களில் திரைசேமிப்பான் என்று வந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வந்துவிட்டது உண்மைதான். ஆனால் கணினியில் 'சேமி' என்ற சொல்லுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம். கோப்பு மெனுவைத் திறந்தால் 'சேமி', 'இவ்வாறு சேமி' என்று இருக்கிறது. எழுதியதை வட்டில் பத்திரப்படுத்துவது என்றுதான் எல்லோரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர் திரைசேமிப்பான் என்பதைப் பார்த்தால், திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்து வைக்கும் செயலி என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. அந்த வேலைக்கான திரைப்பிடிப்புச் செயலியும் கணினியில் தனியாக இருக்கிறது. காப்பது, மிச்சம் பிடிப்பது, பத்திரப்படுத்துவது மூன்றுக்கும் ஆங்கிலம் ஒரே வினையைப் போடுகிறது. நமக்கு மூன்றும் தனித்தனி. இங்கே வேண்டியது காப்பது.

எதை எதிலிருந்து காப்பது என்று கேட்டிருந்தார்கள். பழைய சிஆர்டி (படக்குழாய்) திரையில் எலக்ட்ரான் கற்றை பட்டு ஒளிரும் பாஸ்பர் பூச்சு இருக்கும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். கணினியை அணைத்த பிறகும் மெனுவின் தடம் மங்கலாகத் தெரியும். பணம் எடுக்கும் இயந்திரங்களின் பழைய திரைகளில் இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதற்கு மருந்தாக 1983 டிசம்பரில் சாஃப்டாக் இதழில் ஜான் சோச்சா ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். ஐபிஎம் பிசிக்கானது. மூன்று நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். படமும் இல்லை, அசைவும் இல்லை. இறக்கை முளைத்த ரொட்டி டோஸ்டர்களைப் பறக்கவிட்ட ஆஃப்டர் டார்க் என்ற ஸ்கிரீன் சேவர் தொகுப்பு 1989இல் வந்தது. ஜேமி சவின்ஸ்கி எக்ஸ்ஸ்கிரீன்சேவரை வெளியிட்டது 1992இல். இன்று அதில் இருநூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் இருக்கின்றன. இந்த வரிசையைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்பு முதலில் வந்தது. காட்சி பிறகு வந்து அதற்குள் குடியேறியது.

> எல்சிடி வந்த பிறகு காக்க என்ன இருக்கிறது? ஓய்வுத்திரை என்பதே இன்றைய நிலைக்குப் பொருத்தம்.

அழகான சொல். சொன்னதும் மனம் அங்கேதான் போகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. காட்சி ஓடும்போது ஓய்வெடுப்பது யார்? திரையின் விளக்கு முழுதாக எரிகிறது. முப்பரிமாணக் காட்சியாக இருந்தால் வரைகலை அட்டை நாம் கடிதம் அடிக்கும்போது உழைப்பதைவிட அதிகமாக உழைக்கும். மடிக்கணினியில் விசிறி சுற்றும் சத்தமே கேட்கும். ஓய்வு என்று எழுதிவைத்தால், மின்சாரம் மிச்சமாகிறது என்று நம்பி அலுவலகம் முழுக்க அசையும் காட்சியைப் போட்டுவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரைச் சிக்கனி என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தவறான வாக்குறுதியை நாமும் தர வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. அதே அமைப்பின் மேம்பட்ட பகுதியில், திரையை உண்மையிலேயே மின்சாரம் குறைந்த நிலைக்குக் கொண்டுபோகும் வரிகள் இருக்கின்றன. 'ஓய்வு' என்ற சொல் அங்கேதான் தேவைப்படும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கை வெறுமையாகிவிடும்.

காக்க ஒன்றுமில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஓஎல்இடி திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே தேய்கிறது. நிலையாக நிற்கும் பணிப்பட்டை அங்கேயும் தடம் விடும். பழைய தேவை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

சரி, அந்த இரண்டு பொருள் விஷயத்துக்கு வருகிறேன். சாளரத்தில் 'முறை' என்று ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. எதுவும் வேண்டாம், திரை வெறுமையானால் போதும், ஒரே ஒரு ஸ்கிரீன் சேவர், ஏதேனும் ஒரு ஸ்கிரீன் சேவர் என்று தேர்வுகள். இதில் முதலாவதன் ஆங்கில வரியில் ஸ்கிரீன் சேவர் என்பது, நேரம் பார்த்துத் திரையை எடுத்துக்கொள்ளும் மொத்த ஏற்பாடு. கடைசி இரண்டில் அதே சொல், உள்ளே ஓடும் தனித்தனி நிரலைக் குறிக்கிறது. எல்லா இடத்திலும் திரைக்காப்பு என்று போட்டால், 'வெற்றுத்திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தவர் திரைக்காப்பை நிறுத்திவிட்டோம் என்று எண்ணிக்கொள்வார். நிறுத்தவில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, படம் காட்டவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே ஏற்பாடு திரைக்காப்பு, உள்ளே ஓடுவது காட்சி. அசைவது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அசைகாட்சி. அசைவூட்டத் திரைக்காட்சி என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி, ஆனால் பொத்தானுக்குள் அடங்காது. அசைகாட்சி வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. அதனால் ஒற்று மிகாது. 'அசைக்காட்சி' என்று எழுதினால் அசையின் காட்சி என்று யாப்பிலக்கணத்துக்குப் போய்விடும், தயவுசெய்து அந்த 'க்' வேண்டாம். திரைக்காப்பில் மட்டும் 'க்' வேண்டும், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக. மூன்று விதமாக எழுதினால் தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது.

இப்படிப் பிரித்துக்கொண்டால் மற்ற வரிகள் தாமாக வந்து விழுகின்றன. 'வெற்றுத்திரை மட்டும்', 'ஒரே காட்சி', 'ஏதேனும் ஒரு காட்சி'. இரண்டு மூன்று திரைகள் வைத்திருப்பவர்களுக்கான தேர்வு 'எல்லாத் திரையிலும் அதே காட்சி'. நேர வரிகளில் முதலாவது, எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தொடங்குவது என்பது: 'திரைக்காப்பு தொடங்க'. அடுத்தது 'காட்சி மாற'. இரண்டிலும் இயல்பாகப் பத்து நிமிடம் இருக்கும்.

மூன்றாவது வரியில்தான் கவனம் வேண்டும். திரையைப் பூட்டும் நேரம், விசைப்பலகையைத் தொடாத நொடியிலிருந்து எண்ணப்படுவதில்லை. திரைக்காப்பு தொடங்கிய பிறகு எண்ணப்படுகிறது. முதல் வரியில் பத்து, இதில் ஐந்து என்று வைத்தால் கடவுச்சொல் கேட்பது பதினைந்து நிமிடம் கழித்து. 'பூட்டும் நேரம்' என்று மொட்டையாக எழுதினால், ஐந்து நிமிடத்தில் பூட்டிவிடும் என்று நம்பி ஒருவர் தேநீர் குடிக்க எழுந்து போவார், கணினி திறந்தே கிடக்கும். 'தொடங்கியபின் பூட்ட' என்று எழுதுவோம். ஆங்கில மூலத்தைவிட நம் வரி தெளிவாக இருக்கட்டுமே.

காப்பு என்ற சொல்லுக்கு வந்த இரண்டு எதிர்ப்புகள். காப்புப்பிரதி இருக்கிறதே என்றார்கள். அதில் காப்பு முன்னே நிற்கிறது, இதில் பின்னே, குழம்புவதற்கு இடமில்லை. கைபேசி மேல் ஒட்டும் கண்ணாடியும் திரைக்காப்புதானே என்றார்கள். இது வலுவான கேள்வி. ஆனால் கடையில் அதை ஸ்கிரீன் கார்டு, டெம்பர் என்றுதான் கேட்கிறார்கள். கணினி அமைப்புச் சாளரத்துக்குள் அந்தக் கண்ணாடி வரப்போவதில்லை. காப்பு கட்டுதல், காப்புச் செய்யுள் என்று தீங்கு வராமல் முன்கூட்டியே செய்யும் ஏற்பாட்டுக்குத் தமிழர் காலம்காலமாகச் சொல்லும் சொல் இது. இந்த நிரலின் வேலையும் அதுவே.

லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களான க்னோம் 3, பிளாஸ்மா 5 இரண்டிலும் அசையும் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பது பூட்டுத்திரை. அதைத் திரைக்காப்பு என்று மொழிபெயர்த்திருந்தால் மாற்றிவிடலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரியோடு சேர்த்து எழுதுங்கள். சொல்லை மட்டும் தனியே பார்த்தால் எல்லாமே பொருத்தமாகத்தான் தெரியும். காட்சிகளின் பெயர்களை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்பதை அடுத்த மடலில் எடுத்துக்கொள்ளலாம்.