விசியோவில 24 பக்கம்: ஒவ்வொண்டாச் சரிப்படுத்த மக்ரோ வேணுமா?

வாய்க்கால்கீறி:
ஒரே விசியோ (மைக்ரோசொஃப்டின்ர வரைபட மென்பொருள்) கோப்பு, 24 பக்கம். இரணைமடு, அக்கராயன், புதுமுறிப்பு, கனகாம்பிகைக்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு எண்டு குளம் குளமா வாய்க்கால் வரைபடம். துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியிற இடம்), கிளை வாய்க்கால், அதுகளுக்குக் கீழ வாற ஏக்கர் எல்லாம் கிடக்கு. நாலு பேர் மாறி மாறித் திருத்திறதால பக்கத்துக்குப் பக்கம் பார்வை வேற. ஒண்டு 400 வீதத்தில ஒரு துருசுக்கு மேல நிக்கும், அடுத்தது 30 வீதத்தில புள்ளியாத் தெரியும். சிலதில கட்டக்கோடு, சிலதில இல்லை.

சிறுபோகக் கூட்டத்தில காட்ட முதல் மூண்டு விசயம் நடக்க வேணும். எல்லாப் பக்கமும் திரைக்குள்ள அடங்க வேணும். கட்டக்கோடும் இணைப்புப் புள்ளியும் மறைய வேணும். "அளவு" லேயர் (அடுக்கு) அணைஞ்சு "துருசு", "வாய்க்கால்" லேயர் மட்டும் தெரிய வேணும். மக்ரோதான் (கட்டளைகளைத் தானா ஓட்டிற சின்ன நிரல்) வழியா?

கரைச்சிக்காரன்:
மக்ரோதான். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில தாறன், எடிட்டரில ஆங்கிலத்தில அடியுங்கோ.

ஆல்ட்டோட எஃப்11 அடிச்சா எடிட்டர் வரும். இன்சேர்ட் மெனுவில மொடியூல், அதுக்குள்ள ஒரு சப் (மக்ரோவின்ர கட்டளைத் தொகுதி). ஃபோர் ஈச் போட்டு ஆக்டிவ்டொக்கியூமென்ற்.பேஜஸ் முழுக்கச் சுத்த விடுங்கோ. முதல் வரியிலயே பேக்கிரவுண்ட் பக்கங்களை விலக்குங்கோ, ஏனெண்டா தலைப்புக் கட்டம் இருக்கிற பின்னணிப் பக்கங்களும் அதே பட்டியலுக்குள்ளதான் வரும். அடுத்தது ஆக்டிவ்விண்டோ.பேஜுக்கு அந்தப் பக்கத்தின்ர பெயரைக் குடுக்கிறது. இந்த வரியை விட்டா திறந்து கிடக்கிற அதே ஒரு பக்கத்தைத்தான் 24 தரம் சரிப்படுத்தும், பிழைச் செய்தியும் வராது. பிறகு வியூஃபிட் = 1, ஷோகிரிட் = ஃபோல்ஸ், ஷோகனெக்ட்பொயின்ற்ஸ் = ஃபோல்ஸ். அவ்வளவுதான்.

சூமுக்கு -1 குடுத்தாலும் பக்கம் அடங்கும், ஆனா ஒருக்காத்தான். வியூஃபிட் எண்டா ஜன்னலைச் சுருக்கினாலும் விரிச்சாலும் பக்கம் கூடவே அடங்கிக் கொண்டிருக்கும். மடிக்கணினி 1366, புரொஜெக்டர் 1024 எண்டு அகலம் மாறுற இடத்தில இந்த வித்தியாசம் தெரியும்.

செட்டிக்குளம்77:
உதுக்கு என்னத்துக்கு மக்ரோ? கொன்ட்ரோலோட பேஜ் டவுன் அடிச்சா அடுத்த பக்கம். கொன்ட்ரோல், ஷிஃப்ட், டபிள்யூ அடிச்சா பக்கம் திரைக்குள்ள. 24 பக்கத்துக்கு 48 அடி, ஒரு நிமிசம். கூட்டத்தில காட்டத்தான் எண்டா அதுவும் தேவையில்லை, எஃப்5 அடிச்சா முழுத்திரை, பக்கம் தானா அடங்கும்.

மக்ரோ போட்ட கோப்பை விஎஸ்டிஎக்ஸா வைச்சிருக்க ஏலாது, விஎஸ்டிஎம் ஆக்க வேணும். அதை மெயிலில அனுப்பினா எடுக்கிற ஆளுக்குச் சிவப்புப் பட்டி வந்து மக்ரோ தடை எண்டு நிக்கும். 2022இல இருந்து இணையத்தால வந்த கோப்புகளின்ர மக்ரோவை ஒஃபிஸ் தானாகவே தடுக்குது, விசியோவும் அதுக்குள்ள அடக்கம். நாலு பேர் திருத்திற கோப்பில மூண்டு பேருக்கு ஓடாத மக்ரோவால என்ன பலன்?

கரைச்சிக்காரன்:
தடை வாறது மெய்தான் அண்ணை. ஆனா மக்ரோவை ஏன் வரைபடத்துக்குள்ள வைக்க வேணும்? தனி ஸ்டென்சில் (வரையிற உருவங்களை வைக்கிற) கோப்பு ஒண்டு, விஎஸ்எஸ்எம் வகையில. மக்ரோ அதுக்குள்ள. வரைபடம் பழையபடி விஎஸ்டிஎக்ஸாவே இருக்கட்டும். ஸ்டென்சிலை நாலு கணினியிலயும் ஒருக்காப் போட்டு, அந்தக் கோப்புறையை ட்ரஸ்ட் சென்ரரில நம்பகமான இடமாச் சேர்த்தா வேலை முடிஞ்சுது.

ஒண்டு கவனம். ஸ்டென்சிலுக்குள்ள இருந்து ஓடேக்க திஸ்டொக்கியூமென்ற் எண்டு எழுதினா அது ஸ்டென்சிலைத்தான் குறிக்கும், வரைபடத்தை இல்லை. ஆக்டிவ்டொக்கியூமென்ற் எண்டுதான் எழுத வேணும்.

பென் டிரைவில குடுத்தா ஓடுது, மெயிலில அனுப்பினா ஓடேல்லை எண்டு குழம்பிற ஆக்களுக்கும் சொல்லுறன்: இணையத்தால வந்தது எண்ட அடையாளம் என்டிஎஃப்எஸ் வட்டில கோப்போட ஒட்டிக்கொண்டு இருக்கும். ஃபற்32, எக்ஸ்ஃபற் பென் டிரைவுக்குள்ள போட்டா அது கழண்டிடும். கையால எடுக்கிறதெண்டா கோப்பில வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், அடியில அன்புளொக்.

மல்லாவி_நெற்:
விசியோவுக்குக் காசு கட்டி, அதுக்குப் பிறகு மக்ரோத் தடையோட மல்லுக்கட்டி... ட்ரோ.ஐஓ டெஸ்க்டொப் இலவசம், நிறுவினாப் பிறகு இணையம் இல்லாமலே ஓடும். கோப்பு வெறும் எக்ஸ்எம்எல். பைதன் இருந்தா ஜன்னலே திறக்காமல் 24 பக்கத்தையும் மாத்தலாம்.

ஒவ்வொரு பக்கமும் ஒரு டயகிராம் குறி. அதுக்குள்ள எம்எக்ஸ்கிராஃப்மொடல் எண்டு ஒண்டு. அதில கிரிட்டை 0 ஆக்கினா கட்டக்கோடு போகும். பேஜ்விட்த் 1654, பேஜ்ஹைட் 1169 எண்டு போட்டா கிடை ஏ3. அங்குலத்துக்கு 100 கணக்கு. லேயர் எண்டது பேரன்ற் 0 ஆ இருக்கிற எம்எக்ஸ்செல். அதில விசிபிள் = 0 சேர்த்தா அந்த லேயர் மறையும். பைதனின்ர எலிமென்ற்ட்ரீயால எழுதேக்க என்கோடிங் யுடிஎஃப்-8 எண்டு குடுங்கோ. குடுக்காட்டி தமிழ் எல்லாம் எண் குறியீடா மாறி எழுதுப்படும். கோப்பு திறக்கும்தான், ஆனா மனிசர் வாசிக்க ஏலாது.

டயகிராமுக்குள்ள எக்ஸ்எம்எல் தெரியாமல் விளங்காத எழுத்தா நீளமாக் கிடந்தா சுருக்கிச் சேமிச்சிருக்கு எண்டு அர்த்தம். ஃபைல், புரொப்பர்ட்டீஸில கொம்பிரெஸ்டைக் கழட்டி ஒருக்காச் சேமியுங்கோ. ஸ்கிரிப்ட் ஓட முதல் ட்ரோ.ஐஓவை மூடுங்கோ.

செட்டிக்குளம்77:
பார்வை பிழை எண்டு கேட்ட ஆளுக்கு மென்பொருளையே மாத்தச் சொல்லுறியள். விஎஸ்டிஎக்ஸை ட்ரோ.ஐஓ உள்ள எடுக்கும்தான். எடுத்தாப் பிறகு இணைப்புக் கோடுகளின்ர வளைவு, எழுத்தின்ர இடம் மாறியிருக்குதா எண்டு 24 பக்கத்தையும் கண்ணால பாக்க வேணும். கிளை வாய்க்கால் கோடு பிழையான துருசில முட்டினா அது வேற கதையாப் போயிடும். பிறகு, நீங்கள் சொன்ன எம்எக்ஸ்கிராஃப்மொடலில சூம் அளவு எங்க கிடக்கு? கிரிட் இருக்கு, லேயர் இருக்கு. கேட்ட முதல் விசயம் இல்லை.

மல்லாவி_நெற்:
சூம் இல்லை, ஒப்புக்கொள்ளுறன். ஆனா அந்த விசயமே தேவையில்லாமல் பண்ணலாம். கட்டளை வரியில எக்ஸ்போர்ட், ஃபோர்மற் பிடிஎஃப், ஓல்-பேஜஸ் எண்டு குடுத்தா எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப். லேயர்ஸ் எண்டும் ஒரு தெரிவு இருக்கு, ஆனா அது லேயர் எண்ணை வைச்சு எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி எடுக்கும். பக்கத்துக்குப் பக்கம் லேயர் வரிசை மாறிக் கிடந்தா ஒரு பக்கத்தில துருசு வரும், மற்றதில ஏக்கர் வரும்.

நெடுங்கேணி_கிழக்கு:
எல்லாரும் முதல் ரெண்டுக்கும் அடிபடுறியள். கஸ்டம் மூண்டாவதில.

விசியோவில லேயர் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி. பெயர் ஒண்டா இருந்தாலும் 24 லேயர், 24 தரம் அணைக்க வேணும். லேயர் ஒவ்வொண்டிலயும் செல்ஸ்சி எண்ட கட்டளையில 4 திரையில தெரியிறது, 5 அச்சில வாறது. ரெண்டும் வேற வேற. 4ஐ மட்டும் 0 ஆக்கினா திரையில "அளவு" மறையும், அச்சடிச்ச தாளில வந்து நிக்கும். ரெண்டையும் 0 ஆக்குங்கோ. இன்னொண்டு: ஒரு உருவம் ரெண்டு லேயரில இருந்தா ரெண்டையும் அணைச்சால்தான் மறையும். "அளவு"வை அணைச்சும் சில இலக்கங்கள் போகேல்லை எண்டா மக்ரோவில பிழை தேடாதேங்கோ, அதுகள் "வாய்க்கால்" லேயரிலயும் கிடக்கும்.

பெரிய கரைச்சல் தமிழ்ப் பெயர். விபிஏ (மக்ரோ எழுதிற மொழி) எடிட்டருக்கு யுனிகோட் தெரியாது. மேற்கோளுக்குள்ள துருசு எண்டு ஒட்டினா கேள்விக்குறி வரிசைதான் நிக்கும். சிஎச்ஆர்டபிள்யூ பாவிச்சு எண்ணாக் குடுக்க வேணும். துருசு எண்டா 2980, 3009, 2992, 3009, 2970, 3009. ஆறையும் சேர்த்தால்தான் ஒரு சொல். பாமினியில கீறின பழைய பக்கங்கள் இருந்தா இன்னும் மோசம். பாமினி எழுத்துரு வெறும் ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ்ப் படம். துருசு எண்டது உள்ளுக்கு ஜே, யூ, ஆர். லேயர் பட்டியலில அந்த மூண்டு ஆங்கில எழுத்துத்தான் தெரியும். யுனிகோட் துருசும் பாமினித் துருசும் மக்ரோவுக்கு ரெண்டு வேற பெயர்.

கரைச்சிக்காரன்:
எண்ணை எல்லாம் ஆர் தட்டுறது. லேயர் பெயர்களை யுடிஎஃப்-8 எழுத்துக் கோப்பில வைச்சு ஏடிஓடிபி.ஸ்ட்ரீமால வாசிக்கலாம், சார்செற் யுடிஎஃப்-8 எண்டு குடுத்தா தமிழ் தமிழாவே வரும். விபிஏயின்ர வழமையான ஓப்பின் ஃபோர் இன்புட்டால வாசிச்சா அதுவும் குதறும்.

செட்டிக்குளம்77:
பாத்தீங்களோ. "அவ்வளவுதான்" எண்டு தொடங்கினது இப்ப ஸ்டென்சில், நம்பகமான இடம், எழுத்துக் கோப்பு எண்டு வளந்து நிக்குது. இதை எழுதிற ஆள் இடமாற்றத்தில போனா மிச்ச மூண்டு பேரும் என்ன செய்யிறது?

இதையும் கணக்குப் பாருங்கோ. கிடை ஏ3 பக்கத்தின்ர அகலம் 16.54 அங்குலம். அதை 1024 புள்ளி அகல புரொஜெக்டருக்குள்ள அடக்கினா அங்குலத்துக்கு 62 புள்ளி. 8 பொயின்ற் எழுத்து ஏழு புள்ளி உயரம்கூட வராது. தமிழில துருசுவுக்கும் தருசுவுக்கும் வித்தியாசம் தெரியாது. பின் கதிரையில இருக்கிற கமக்காரருக்கு அது எறும்பு. இரணைமடுப் பக்கத்தில இடதுகரையும் வலதுகரையும் ஒண்டாக் கிடந்தா, மக்ரோ எவ்வளவு வடிவா அடக்கினாலும் ஒருத்தருக்கும் விளங்காது. பக்கத்தை ரெண்டாப் பிரியுங்கோ, எழுத்தை 14 ஆக்குங்கோ. அதுக்குப் பிறகு எஃப்5.

கரைச்சிக்காரன்:
கணக்குச் சரி. பிரிக்கிறது கட்டாயம் இல்லை, செற்வியூரெக்ட் எண்டு ஒண்டு இருக்கு: இடம், மேல், அகலம், உயரம். 0, 11.69, 8.27, 11.69 எண்டு குடுத்தா ஏ3யின்ர இடப்பாதி திரைக்கு வரும். ரெண்டாவது எண் மேல் விளிம்பு. விசியோவில பூச்சியம் கீழ இடது மூலையில, அதால 0 போடக்கூடாது. அலகு எப்பவும் அங்குலம். மில்லிமீற்றரில குடுத்தா பார்வை பக்கத்துக்கு வெளியில போய் வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும்.

செட்டிக்குளம்77:
உயரம் 11.69 குடுத்தியள் அண்ணை. திரையோ கிடைத்திரை. உயரம் முழுக்க அடங்க வேணும் எண்டா சூம் அளவு பெரிசாகாது, இடப்பாதியோட வலப்பாதியும் சேர்ந்து வரும். உயரத்தை 6 ஆக்கினால்தான் அகலம் 8.27 கிட்ட நிக்கும். அப்ப இடப்பாதியும் மேல், கீழ் எண்டு ரெண்டாகுது.

கரைச்சிக்காரன்:
ஓம், 8.27, 6.2 எண்டு போடுங்கோ. 1024க்கு 768 அதே விகிதம். ஏ3 பக்கம் நாலு பார்வை ஆகும். இரணைமடுவுக்கு மட்டும் எண்டா பிரிக்கிறது லேசு, அதில நீங்கள் சொன்னது சரி. மிச்சப் பக்கங்களுக்கு வியூஃபிட் விடலாம்.

இடமாற்றம் பற்றி: எஃப்5 கூட்டத்துக்கு மட்டும்தான். லேயரை அது தொடாது. 24 பக்கத்தில கையால லேயர் அணைக்கிறது எண்டா ஒவ்வொரு பக்கத்திலயும் லேயர் புரொப்பர்ட்டீஸ் திறந்து ரெண்டு சரி அடையாளம் எடுத்து ஓகே. அதில ரெண்டு பக்கம் தவறிப் போறதுதான் வழமை. அந்தச் சுத்துக்குள்ள பார்வைக்கு மூண்டு வரி கூடச் சேர்க்கிறதில ஆருக்கு என்ன நட்டம்?

நெடுங்கேணி_கிழக்கு:
சேர்க்கிறதெண்டா தொடக்கத்தில பிகின்அன்டூஸ்கோப், முடிவில எண்ட்அன்டூஸ்கோப் போடுங்கோ. இல்லாட்டி பிழையா ஓடினா கொன்ட்ரோல் இசட்டைப் பக்கம் பக்கமா அடிச்சுக் கொண்டிருக்க வேணும். போட்டா ஒரு அடியில லேயர் எல்லாம் பழையபடி. ஆக்டிவ்விண்டோ.டைப் 1 தானா எண்டும் முதல் பாருங்கோ. ஷேப்ஷீற் ஜன்னல் முன்னுக்கு நிண்டா பேஜ் வரியிலயே விழும்.

வாய்க்கால்கீறி:
இரணைமடுவை இடதுகரை, வலதுகரை எண்டு ரெண்டு பக்கமாப் பிரிக்கிறன். மிச்சத்துக்கு ஸ்டென்சில் மக்ரோ. லேயர் பெயர் எல்லாப் பக்கத்திலயும் ஒண்டா எண்டு ஓட்ட முதல் பாக்க வழி இருக்குதா?

நெடுங்கேணி_கிழக்கு:
அதே சுத்தை எடுங்கோ, அணைக்கிற வரிக்குப் பதிலா டிபக்.பிரின்ற்: பக்கப் பெயர், லேயர் எண், லேன் (எழுத்தை எண்ணிற கட்டளை) குடுத்த பெயர் நீளம். பெயரை அச்சடிக்காதேங்கோ, கேள்விக்குறிதான் வரும், நீளம் போதும். துருசு 6. 7 வந்தா பின்னால ஒரு இடைவெளி ஒட்டியிருக்கு, 3 வந்தா பாமினி. அந்தப் பக்கங்களில மட்டும் லேயர் பெயரைக் கையால மாத்திப் போட்டு ஓட்டுங்கோ.