நல்ல வேலையை விட்டுச் சுத்துமாத்துக்குத் திரும்பினவர்களோடு பழகியிருக்கிறீர்களா?

கல்லடியிலிருந்து:

சுத்துமாத்துக்காரனாக இருந்து சட்டத்தரணியான ஜிம்மி மெக்கில் என்பவனைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'பெட்டர் கால் சோல்'. அதைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2016இல் வந்த இரண்டாம் சீசனில் ஜிம்மிக்கு டேவிஸ் அன் மெயின் என்ற சட்ட நிறுவனத்தில் நல்ல சம்பளத்தோடு வேலை கிடைக்கிறது. கம்பனிக் காரும் உண்டு. ஆனால் அவனுடைய காதலி கிம் கொடுத்த கோப்பிக் குவளை அந்தக் காரின் குவளைத் தாங்கிக்குள் இறங்காது. கடைசியில் வேலையிலிருந்து அவர்களே நிறுத்தட்டும், போனஸ் கையில் நிற்கட்டும் என்று கண்ணைக் கூசும் சூட்டுகளைப் போட்டு, அலுவலகத்தில் பேக்பைப் ஊதி எல்லோரையும் வெறுப்பேற்றுகிறான். தன் பழைய காருக்குத் திரும்பியதும் குவளை சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

அந்தக் காட்சியை எல்லோரும் ரசிப்பார்கள். எனக்கு முடியவில்லை.

மட்டக்களப்புக் கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகம், கோட்டைக்குள் இருந்த காலத்தில், வெளியே படிவம் நிரப்பி பெட்டிசம் (மனு) எழுதித் தரும் ஒருவர் இருந்தார். அதற்கு முன் காணி விசயத்தில் பெயர் கெட்டவர்தான். ஆனால் அங்கே வந்த பிறகு அருமையான மனிதர். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் அவரைத் தேடித்தான் வருவார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே மறுபடி காணி விற்கத் தொடங்கினார். அரச அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. அதைச் சொந்த உரிமைப் பத்திரமுள்ள உறுதிக் காணி என்று சொல்லி எங்கள் பெரியம்மாவுக்குக் கொடுத்தார். அவவுக்கும் வரி வரியாக வாசித்துக் காட்டினார், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

அவருக்குப் பணக் கஷ்டம் இருக்கவில்லை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஜிம்மியும் அப்படித்தான். மூன்றாம் சீசனில் முதியோர் இல்ல வழக்கொன்றைச் சீக்கிரம் முடித்துத் தன் பங்கை எடுக்க, வழக்குக்காரர்களின் பிரதிநிதியான ஐரீன் என்ற முதிய பெண்ணைத் தோழிகளிடமிருந்து பிரிக்கிறான். பிங்கோ விளையாட்டில் அவ வெல்கிறா, ஒருவரும் கைதட்டவில்லை. எனக்குப் பெரியம்மாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

கல்முனையிலிருந்து:

நீங்கள் சொல்வது சரி அக்கா. ஆனால் ஜிம்மியின் அண்ணன் சக் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தம்பி ஒழுங்காக உழைத்துச் சட்டத்தரணியான பிறகும், தங்கள் நிறுவனத்தில் சேர்க்க வேண்டாம் என்று மறைவாக நின்று தடுத்தது அந்த அண்ணன்தானே?

எங்கள் மச்சான் ஒருவன் வெளிநாட்டு வேலை ஏஜென்சிக் காசு விசயத்தில் மாட்டி வெளியே வந்து, சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலையில் கணக்கெழுதினான். கணக்கு ஒரு சதம் பிசகாது. ஆனாலும் கல்லாவில் காசு குறைந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் அவன் மேல்தான். ஒருமுறை முதலாளியின் மகன் எடுத்த காசுக்கு இவனுடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை வேலையை விட்டான். இப்போது ருமேனியா விசா என்று பொடியன்களிடம் முற்பணம் வாங்குகிறான். என் தங்கச்சியின் மகனும் கொடுத்திருக்கிறான். பொலிசில் சொல்லச் சொல்லி நான்தான் அவனைக் கூட்டிப்போனேன்.