அடுக்குமாடி கட்டினால் நகரத்தின் கார்பன் குறைந்துவிடுமா?

மொட்டைமாடி:
பரந்து கிடக்கும் நகரத்தைவிட நெருக்கமான நகரத்தில் ஆளுக்கு ஆகும் கார்பன் உமிழ்வு குறைவு என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். சரி. ஆனால் முப்பது மாடி கட்ட ஆகும் சிமெண்ட், கம்பி, அப்புறம் நாள் முழுக்க ஓடும் லிஃப்ட், தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

கணக்கன்:
முதலில் தூரத்தைப் பாருங்கள். 1990 வாக்கில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர், ஸ்பெயினின் பார்சிலோனாவில் 28 லட்சம். அட்லாண்டா பரவியிருந்தது 4,280 சதுர கிலோமீட்டர், பார்சிலோனா வெறும் 162. அவ்வளவு சிதறிக் கிடந்தால் எத்தனை ரயில் பாதை போட்டாலும் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மாத்திரை வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டியதுதான். 1989இல் நியூமன், கென்வொர்தி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 32 நகரங்களை ஒப்பிட்டபோதும், மக்கள் அடர்த்தி குறைந்த ஊர்களில்தான் ஆளுக்கு ஆகும் பெட்ரோல் அதிகமாக இருந்தது.

முட்டுச்சந்து:
அந்த ஒப்பீட்டை வைத்து அடர்த்திதான் எல்லாம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வருமானமும் பெட்ரோல் விலையும் ஊருக்கு ஊர் வேறு. 2010இல் யூயிங், செர்வெரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அடர்த்தி 10 சதவீதம் கூடினால் கார் ஓடும் தூரம் சுமார் 0.4 சதவீதம்தான் குறைகிறது. வேலையிடங்களுக்கு எளிதாகப் போய்ச் சேரும் வசதி அதே அளவு கூடினால் 2 சதவீதம் குறைகிறது. நான் முன்பு இருந்த குடியிருப்பு பன்னிரண்டு மாடி, அடர்த்திக்குக் குறைவே இல்லை. பள்ளிக்கூட மணி எங்கள் பால்கனியில் கேட்கும். ஆனால் நடுவில் மதில், சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர், நடைபாதையும் கிடையாது, அதனால் தினமும் காலையில் வாசலில் கார் வரிசை!

மொட்டைமாடி:
அப்போ என் சிமெண்ட் கேள்வி?

கணக்கன்:
நியாயமான கேள்விதான். உயரம் ஏற ஏறக் காற்றைத் தாங்கத் தூணும் அஸ்திவாரமும் கனமாகும், அதனால் ஒரு சதுர அடிக்கு ஆகும் கம்பியும் கான்கிரீட்டும் கூடும். ஆனால் நெருக்கத்துக்கு முப்பது மாடி தேவையே இல்லை. பார்சிலோனாவின் பழைய விரிவாக்கப் பகுதியில் பெரும்பாலும் ஆறேழு மாடிதான், ஒன்றோடொன்று ஒட்டிய கட்டடங்கள், கீழே கடை, மேலே வீடு. பக்கச் சுவர் வெளியே தெரியாததால் வெயிலும் குளிரும் உள்ளே வருவதும் குறைவு.

மொட்டைமாடி:
புரிகிறது. முட்டுச்சந்து, அந்த மதிலில் ஒரு கேட்டாவது வைத்தார்களா?

முட்டுச்சந்து:
எங்கே! யாரோ ராத்திரியில் நாலு செங்கல்லைப் பெயர்த்து வழி பண்ணினார்கள், அசோசியேஷன் மறுநாளே பூசி அடைத்துவிட்டது.