தவழும் பிள்ளை, வாசலில் சம்ப், வீடெல்லாம் தண்ணீர்: எதை முதலில் மூடுவது?

ஆனையூர் அம்மா கேட்டது:

மதுரை ஆனையூரில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது மாதம். போன வாரம் வரை போட்ட இடத்தில் கிடந்தவள், இப்போது அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசல்படிக்குப் போய்விடுகிறாள். எங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர், அதுவும் விடியற்காலையில். அன்றைக்கு சம்ப்பைத் திறந்து போட்டுவிட்டு நான்கு குடித்தனமும் குடத்தோடு நிற்போம். மூடி என்று பெயருக்கு ஒரு தகரம், ஒரு கையால் தள்ளிவிடலாம். உள்ளே இரண்டு டிரம், ஓர் அண்டா, குளியலறையில் மூன்று வாளி. எல்லாம் நிறைந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர் வரை ஓடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "இருபது வருஷமா இதே தகரந்தான், ஒரு பிள்ளையும் விழல" என்கிறார். அத்தையோ, "நாங்கெல்லாம் வளக்கலையா? கண்ணுல வச்சுப் பாத்தாப் போதும்" என்கிறார். நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

மேலூர்க்காரி:

இல்லை தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பயப்படலாம். சம்ப்பாவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. எனக்கு வாளியைத்தான் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. கிடாவெட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டில். பிள்ளை அவரிடம் இருக்கிறான் என்று நானும், என்னிடம் இருக்கிறான் என்று அவரும் இருந்துவிட்டோம். குளியலறையில் துணி அலசிய வாளி, பாதித் தண்ணீர்கூட இல்லை. கப்பை எடுக்க எட்டியவன் தலைகுப்புற உள்ளே போய்விட்டான். கையைக் காலை அடிப்பான், தண்ணீர் தெறிக்கும், நமக்குக் கேட்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் கால் கழுவப் போனதால் பிழைத்தான்.

இந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம், கையில் வலு கிடையாது. குப்புற விழுந்த பிள்ளையால் நிமிர முடியாது. கனமான வாளி சாயவும் சாயாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலே போதும், எல்லாம் சில நிமிடக் கணக்குதான்.

அன்றிலிருந்து வேலை முடிந்த வாளியைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். குளியலறைக் கதவில் வெளிப்பக்கம், என் தோள் உயரத்துக்கு ஒரு கொண்டி. டிரம்முக்குத் திருகு மூடி. ஆள் கூடும் நாளில் பிள்ளையை ஒருவரிடம் பேர் சொல்லி ஒப்படைப்பேன்; "நான் பாத்துக்கிறேன்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் நகர்வேன். என் மாமியார் இதை வைத்து ஒரு வருடம் கிண்டல் செய்தார், செய்யட்டும்.

சம்ப்புக்கு வெல்டிங் பட்டறையில் கீல் வைத்த இரும்பு மூடி, பூட்டு மாட்டும் தாழோடு செய்து தருவார்கள். வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் மட்டும் பிள்ளை வீட்டுக்குள், இன்னொருவர் மடியில்.

சமயநல்லூர் வயரிங்:

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. நான் என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சித்திரை வெயிலுக்குப் பரணிலிருந்து இரும்பு ஏர்கூலரை இறக்குவீர்கள். இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது, உள்ளே தண்ணீர், கீழே ஈரத்தரை. தவழும் பிள்ளை அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பார்க்கும். மூன்று முள் பிளக் மாற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

"எங்கள் வீட்டில் டிரிப்பர் இருக்கிறதே" என்பார்கள். பெரும்பாலும் அது எம்சிபி. வயர் தாங்காத கரண்டோ ஷார்ட்டோ வந்தால்தான் விழும், ஆள் உடம்பு வழியாகக் கசியும் கரண்டுக்கு விழாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும். அதில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். தாழ்வாக இருக்கும் சாக்கெட்டில் டேப் ஒட்டுவது வீண், பிள்ளை உரித்துவிடும். ஷட்டர் வைத்த சாக்கெட் மாட்டிவிடுங்கள்.

உசிலம்பட்டித் தாத்தா:

சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் பினாயிலை நாங்கள் பழைய ஜூஸ் பாட்டிலில்தான் வாங்கி வைப்போம். இரண்டு வயதுப் பேரன் அதை ஜூஸ் என்றே எடுத்துக் குடித்துவிட்டான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்று தெருவே கூடிவிட்டது. நல்லவேளை, மகள் விடவில்லை. பினாயிலோ மண்ணெண்ணெயோ தின்னரோ, வாந்தி எடுக்க வைத்தால் நுரையீரலுக்குள் போய் இன்னும் மோசமாகும். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனோம். டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். ஜூஸ் பாட்டிலில் ஜூஸைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள் அம்மா.

இன்னொன்று, வறுத்த கடலை. நானே மடியில் வைத்து ஊட்டியவன்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கொடுங்கள்.

ஆனையூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மேலூர் அக்கா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் மூன்று வாளியும் கவிழ்ந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் மகள் கைப்பிள்ளையோடு விடுமுறைக்கு வருகிறாளாம். பட்டறைக்காரரைக் கூட்டிவந்து அளவெடுத்துவிட்டார், வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூடி வர நான்கு நாள் ஆகும். அதுவரைக்கும் தகரத்தின் மேல் எங்கள் வீட்டு அம்மி. அத்தைதான் அண்டை வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உருட்டிக்கொண்டுபோய் வைத்தார்.