புதுப்பிப்பு: காணாக்கடியும் என் சிஆர்பி ரிப்போர்ட்டும்

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: எட்டு மாதமாகக் காணாக்கடி (அர்டிகேரியா), தினமும் அரிக்கும் தடிப்பு, ரத்தத்தில் சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) 14 என்று அதிகம், உள்ளே ஏதோ பெரிய நோய் ஒளிந்திருக்கிறதா என்று. கேட்டவர்களுக்காக இப்போதைய நிலவரம்.

பெரிய நோய் எதுவும் இல்லை. ஆறு வாரத்தைத் தாண்டி நீடிக்கும் காணாக்கடியில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சிஆர்பி கூடித்தான் இருக்குமாம். நோய் உக்கிரமாக இருந்தால் ஏறும், அடங்கினால் இறங்கும். ஆனால் சளி பிடித்தாலும் ஏறும், உடல் பருமனாலும் ஏறும். அந்த வாரம் எனக்குப் பல் ஈறு வீங்கியிருந்ததை டாக்டர் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னேன்!

அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆரும் கொஞ்சம் அதிகம். அதனால் அவர் கேட்டது: ஒரே தடிப்பு அதே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கிறதா, மறைந்தபின் கன்றிய கறை விடுகிறதா? அப்படியென்றால் ரத்தக்குழாய் அழற்சியா என்று தோலில் சிறு துண்டு எடுத்து (பயாப்ஸி) பார்ப்பார்களாம். ஒரு வாரம் பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டேன் (வீட்டில் ஒரே சிரிப்பு). எல்லாம் நாலைந்து மணி நேரத்தில் மறைந்தன. பயாப்ஸி தேவைப்படவில்லை.

அப்புறம் இன்னும் இரண்டு ரத்தப் பரிசோதனை: மொத்த ஐஜிஈ (அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்), ஆன்டி-டிபிஓ (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்). முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு வகைக் காணாக்கடியாக இருக்கலாம். மாத்திரைக்கு அடங்காத காணாக்கடிக்குப் போடும் ஒமாலிசுமாப் ஊசி அந்த வகையினருக்கு மெதுவாகத்தான் கேட்கும். எனக்கு இரண்டும் சரி.

ஊசி வரை போகவில்லை. அதிகம் தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையையே டாக்டர் நாளுக்கு இரண்டாக்கினார். போன வாரம் சிஆர்பி 4. தடிப்பு வாரத்தில் ஒருநாள் எட்டிப்பார்க்கிறது.