புது பிசி வந்தாச்சு, கேம் பாக்ஸா வாங்கறதா ஸ்டீம்ல வாங்கறதா?

அரைத்தூக்கம்:
மக்களே ஒரு டவுட். புதுசா பிசி அசெம்பிள் பண்ணியாச்சு, இத்தனை நாள் லேப்டாப்ல ஓடாத கேமை எல்லாம் இப்பதான் ஒவ்வொண்ணா வாங்கலாம்னு இருக்கேன். எனக்கு பாக்ஸ் காப்பி மேல ரொம்ப ஆசை, ஷெல்ஃப்ல வரிசையா அடுக்கணும், பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டாலும் ஓடணும். தம்பி என்னடான்னா "இப்பல்லாம் யாருண்ணே டிஸ்க் வாங்கறா, சேல் வரப்ப ஸ்டீம்ல வாங்கிப் போடு"ங்கறான். ஆனா ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல காசு குடுத்து வாங்கினாலும் அது நம்ம பொருள் இல்ல, வெறும் லைசென்ஸ்தான்னு படிச்சதுலேர்ந்து மனசு ஒப்ப மாட்டேங்குது. டவர்ல டிவிடி டிரைவ் இல்ல, வேணும்னா யூஎஸ்பில மாட்டறது ஒண்ணு வாங்கிக்கலாம். நெட் ஸ்பீடு சுமார்தான், டேட்டாவுக்கு மாச லிமிட் வேற இருக்கு. ஆடறது பெரும்பாலும் சிங்கிள் பிளேயர். யாராச்சும் அனுபவஸ்தங்க சொல்லுங்க.

கறுப்புத்திரை:
கன்சோல்னா டிஸ்க்குக்கு இன்னும் கொஞ்சம் அர்த்தம் இருக்கு நண்பா. பிசில அந்தக் கதை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு.

2004ல ஹாஃப் லைஃப் 2 வந்தப்பவே கடையில பாக்ஸ் வாங்கினவங்க கூட ஸ்டீம் இன்ஸ்டால் பண்ணி, அக்கவுண்ட் ஓபன் பண்ணி, நெட்ல ஆக்டிவேட் பண்ணாதான் கேமே ஓடுச்சு. அப்ப ஊரே திட்டுச்சு. அப்புறம் பார்த்தா ஒவ்வொரு கம்பெனியா அதே வழிக்கு வந்துட்டாங்க. பாக்ஸோட வர்ற ஆக்டிவேஷன் கோட், அதான் கீ, ஒரு தடவை அக்கவுண்ட்ல ஏறிடுச்சுன்னா அந்த டிஸ்க்கை நீங்க விக்கவும் முடியாது, ஃப்ரெண்டுக்கு குடுத்தாலும் அவனுக்கு பிரயோஜனம் இல்ல, அதாவது பாக்ஸ் வாங்கினாலும் நீங்க வாங்கறது அதே லைசென்ஸ்தான், கூட ஒரு பிளாஸ்டிக் டப்பா வருது அவ்ளோதான்.

இதுல உச்சம் 2015ல வந்த மெட்டல் கியர் சாலிட் 5 பேண்டம் பெயின். பிசி பாக்ஸை திறந்து டிஸ்க்கைப் போட்டா உள்ள ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும்தான், சில எம்பி. கேம் முழுக்க டவுன்லோட் பண்ணணும். இப்ப வர்ற பல பாக்ஸ்ல அந்த டிஸ்க்கும் கிடையாது, ஒரு அட்டைல கோட் அச்சடிச்சு வெச்சிருப்பாங்க.

காரணமும் சிம்பிள்தான், டூயல் லேயர் டிவிடியே 8.5 ஜிபிதான் தாங்கும், கேம் எல்லாம் 100 ஜிபியைத் தொட்டுடுச்சு, பிசி கேம் ப்ளூ ரே பக்கம் பெருசா போகவே இல்ல. ஜிடிஏ 5 பிசிக்கு 7 டிவிடில வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஐரோப்பால பாக்ஸா வந்தப்ப 10 டூயல் லேயர் டிவிடி! உக்காந்து ஒவ்வொண்ணா மாத்திட்டே இருக்கணும், அதுக்கப்புறமும் நிலப்பரப்பு டேட்டா நெட்லேர்ந்துதான் ஸ்ட்ரீம் ஆகும். உங்க தம்பி சொல்றதுதான் சரி.

பழையசிடி:
கறுப்புத்திரை சொல்றது புது கேமுக்கு சரி, ஆனா எல்லா பாக்ஸையும் ஒரே தட்டுல வைக்காதீங்க பாஸ்.

2000க்கு முன்ன பின்ன வந்த பாக்ஸ் எல்லாம் வேற ரகம். தடி மேனுவல், மேப், அல்டிமா சீரிஸ்ல எல்லாம் துணியிலயே மேப் அச்சடிச்சுக் குடுத்தாங்க, கேம் இன்ஸ்டால் ஆகற நேரத்துல மேனுவலைப் படிச்சு முடிச்சுடலாம், அந்த சுகம் டவுன்லோட் பாரைப் பார்த்துட்டு இருக்கறதுல வராது. அதோட டிஸ்க்ல இருக்கறது அப்படியே இருக்கும், யாரும் வந்து மாத்த முடியாது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஸ்டீம்ல 2014ல ஒரு அப்டேட் வந்து ரேடியோல இருந்த பாட்டு சிலதை தூக்கிட்டாங்க, பாட்டோட லைசென்ஸ் முடிஞ்சுதாம். ஜிடிஏ 4க்கும் 2018ல அதே கதை. சான் ஆண்ட்ரியாஸ் பழைய டிஸ்க் வெச்சிருக்கறவன்கிட்ட எல்லா பாட்டும் பத்திரமா இருக்கு.

ஆனா "பத்து வருஷம் கழிச்சு போட்டா ஓடணும்"னு கேட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் சிக்கல். அந்தக் காலத்து டிஸ்க்ல காப்பி அடிக்காம இருக்க சேஃப்டிஸ்க், செக்யூராம்னு ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு காரணம் சொல்லி சேஃப்டிஸ்க்குக்கான சப்போர்ட்டை எடுத்துட்டாங்க, செக்யூராம் பழைய வெர்ஷனுக்கும் அதே கதிதான். டிஸ்க்ல ஒரு கீறல் இல்ல, டிரைவும் நல்லா இருக்கு, ஆனா கேம் ஓடாது. மைக்ரோசாஃப்டோட பழைய ஆன்லைன் கேம் சர்வீஸ் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் லோகோ போட்ட பாக்ஸ் கண்ணுல பட்டாலும் யோசிச்சு வாங்குங்க. அதால 2020 ஆரம்பத்துல ஜிடிஏ 4ஐ ஸ்டீம்ல விக்கறதையே நிறுத்தினாங்க, மைக்ரோசாஃப்ட் அந்த சர்வீஸை கைவிட்டதால புதுசா கீ உருவாக்க முடியலன்னு. அப்புறம் அந்த சர்வீஸை கேம்லேர்ந்து எடுத்துட்டு மறுபடி விட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் டிஸ்க், ஸ்டீம்னு அடிச்சுக்கறீங்க. பார்க்க வேண்டியது டிஆர்எம், அதாவது அனுமதி இல்லாம ஆடவோ காப்பி அடிக்கவோ விடாம போடற பூட்டு, இருக்கா இல்லையான்னு மட்டும்தான். ஆட ஆரம்பிக்க ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தனோட சர்வர் அனுமதி குடுக்கணும்னா அது டிஸ்க்ல வந்தா என்ன, டவுன்லோட்ல வந்தா என்ன.

தி க்ரூ கேமையே எடுத்துக்கோங்க. 2014ல வந்துச்சு, தனியா ஆடினாலும் நெட் கட்டாயம். 2024 மார்ச் 31 அன்னிக்கு யூபிசாஃப்ட் சர்வரை மூடினாங்க, டிஸ்க் வெச்சிருந்தவன், டவுன்லோட் பண்ணினவன் எல்லாருக்கும் ஒரே நாள்ல கேம் போச்சு. அதுலேர்ந்துதான் ராஸ் ஸ்காட்ங்கற யூடியூபர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாரு, ஐரோப்பிய யூனியன்ல போட்ட மனுவுக்கு 2025ல பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டுச்சு.

லைசென்ஸ்னு நீங்க படிச்சது உண்மைதான். டிஜிட்டலா விக்கறவங்க இது லைசென்ஸ்தான்னு வாங்கறவன்கிட்ட தெளிவா சொல்லணும்னு கலிஃபோர்னியால சட்டமே போட்டாங்க, 2025 ஜனவரி 1லேர்ந்து அமல். ஸ்டீம் அதுக்கு முன்னாடியே 2024 அக்டோபர்ல கார்ட் பக்கத்துல அந்த வரியைப் போட்டாச்சு. அதுக்காக நாளைக்கே பிடுங்கிடுவாங்கன்னு பயப்படவும் வேணாம், கடையிலேர்ந்து ஒரு கேமை எடுத்தாலும் ஏற்கனவே வாங்கினவங்களுக்கு பொதுவா டவுன்லோட் கிடைச்சுட்டே இருக்கும். ஆலன் வேக் பாட்டு லைசென்ஸ் பிரச்சனைல 2017ல விற்பனையிலேர்ந்து போச்சு, 2018ல திரும்பி வந்துச்சு, நடுவுல பழைய ஓனருங்களுக்கு ஒண்ணும் ஆகல.

உங்க கேஸுக்கு ஜிஓஜி பாருங்க. 2008ல பழைய கேம் விக்க ஆரம்பிச்ச கடை, இப்ப புதுசும் இருக்கு. ஆஃப்லைன் இன்ஸ்டாலர் ஃபைலையே குடுத்துடுவாங்க, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுட்டீங்கன்னா நெட் இல்லாம, அக்கவுண்ட் இல்லாம எப்ப வேணாலும் இன்ஸ்டால் பண்ணலாம். பழையசிடி சொன்ன பிரச்சனையும் இங்க கம்மி, பழைய கேமை இப்ப இருக்கற விண்டோஸ்ல ஓடற மாதிரி சரி பண்ணித்தான் விக்கறாங்க. என்ன, எல்லா கேமும் அங்க வராது, பெரிய கம்பெனி கேம் பலதும் வரவே வராது இல்லாட்டி லேட்டா வரும்.

ரீஃபண்டும் ஒரு விஷயம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா பணம் திரும்ப கேட்கலாம். ஜிஓஜில 30 நாள். கீ யூஸ் பண்ணின பாக்ஸை எந்தக் கடைக்காரன் திரும்ப வாங்குவான்?

சும்மாவந்தவன்:
எபிக் கேம்ஸ் ஸ்டோர்ல வாராவாரம் ஃப்ரீயா குடுக்கறதை எடுத்து சேர்த்து வெச்சுட்டு ஒண்ணைக்கூட ஆடாம இருக்கேன், நான் எந்தக் கட்சி? 😅

அரைத்தூக்கம்:
@சும்மாவந்தவன் நம்ம கட்சிதான் வாங்க.

கணக்குப்பிள்ளை அண்ணே, ஜிஓஜி பத்தி கேள்விப்பட்டிருக்கேன் ஆனா இன்ஸ்டாலரையே குடுப்பாங்கன்னு தெரியாது, நான் தேடினது அதுதான் போல. இன்னும் ரெண்டு கேள்வி. ஸ்டீம்ல மட்டும் இருக்கற கேமுக்கு என்ன பண்றது, டிஆர்எம் இருக்கா இல்லையான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சுக்கறது? அப்புறம் டேட்டா லிமிட். 100 ஜிபி கேம் ஒண்ணு இறக்கினா அந்த மாசம் வீட்ல என்னை வெளிய தள்ளிடுவாங்க.

கணக்குப்பிள்ளை:
பிசிகேமிங்விக்கில கேம் பேரைப் போட்டு தேடுங்க தம்பி, எந்தக் கடையில எந்த டிஆர்எம்னு டேபிள் மாதிரி போட்டிருப்பாங்க. ஸ்டீம்லயே டிஆர்எம் இல்லாத கேம் கொஞ்சம் இருக்கு, ஃபோல்டரை காப்பி பண்ணி வேற பிசில போட்டா ஸ்டீம் இல்லாமலே ஓடும். ஸ்டோர் பக்கத்துல வலது ஓரத்துல டெனுவோங்கற டிஆர்எம் இருக்கா, வேற அக்கவுண்ட் கேட்குதான்னும் போட்டிருப்பாங்க, வாங்கறதுக்கு முன்ன அதைப் படிச்சுடுங்க.

கறுப்புத்திரை:
டேட்டாவுக்கு நான் சொல்றேன். ஃப்ரெண்டு வீட்ல அதே கேம் இருந்தா உங்க டவரை அங்க தூக்கிட்டுப் போங்க, ஸ்டீம்ல 2023லேர்ந்து ஒரே நெட்வொர்க்ல இருக்கற பிசிலேர்ந்து கேமை அப்படியே இழுத்துக்கற வசதி இருக்கு, நெட் டேட்டா அவ்வளவா செலவாகாது. ரெண்டு பிசிலயும் ஸ்டீம் லாகின் ஆகியிருக்கணும், அவன் செட்டிங்க்ஸ்ல பர்மிஷன் குடுக்கணும், உங்க அக்கவுண்ட்லயும் அந்த கேம் இருக்கணும், அவ்ளோதான். ஒரு தடவை இறக்கினதை ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்து வைங்க, விண்டோஸ் மாத்தினா மறுபடி இறக்க வேண்டியதில்ல. பாக்ஸ் வாங்கி டேட்டா மிச்சம் பண்ணலாம்னு மட்டும் நினைக்காதீங்க, முதல் நாள் பேட்சே, அதாவது அப்டேட்டே, பல ஜிபி வரும்.

பழையசிடி:
ஷெல்ஃப் ஆசையை விட்டுடாதீங்க அரைத்தூக்கம். தி விட்சர் 3 பிசி பாக்ஸ் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா வாங்கிப் போடுங்க, அது டிஸ்க்ல டிஆர்எம் இல்லாம வந்த கேம், உள்ள பேப்பர் மேப், இசை சிடி எல்லாம் இருந்துச்சு. எல்லாம் இருக்கான்னு விக்கறவன்கிட்ட போட்டோ கேட்டு வாங்குங்க, மேப்பை உருவிட்டு விக்கற ஆளுங்க இருக்காங்க.

அரைத்தூக்கம்:
சூப்பர், அதையே தேடறேன். மத்ததுக்கு முதல்ல ஜிஓஜி, இல்லாட்டி விக்கில பார்த்துட்டு ஸ்டீம். அந்த யூஎஸ்பி டிவிடி டிரைவ் எந்த கம்பெனி வாங்கலாம்னு வேற திரெட்ல கேட்கறேன், இங்க ஆரம்பிச்சா மறுபடி சண்டை வரும்.